பின்வாங்கத் தெரிந்த வாத்தியார்: ஃபிரான்ஸ் சீகல்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிப்பவர்களிடம் வடக்குப் படையின் தளபதி ஃபிரான்ஸ் சீகல் பெயரைச் சொன்னால், 1864இல் வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட்டில் தோற்றவர்தானே என்பார்கள். தோற்றார், உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளை வைத்து அவரை எடைபோடுவது சரியில்லை. சண்டையைப் பாடம்போலப் படிப்படியாக நடத்த முடிந்த இடங்களில் அவர் தேர்ந்த தளபதி. கணக்கு கலைந்த இடங்களில்தான் தடுமாறினார். அவர் நடத்திய சண்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1824இல், இன்றைய ஜெர்மனியில் உள்ள பாடன் நாட்டின் சின்ஸ்ஹைமில் பிறந்தவர். கார்ல்ஸ்ரூ ராணுவப் பள்ளியில் படித்து அரசுப் படையில் லெப்டினன்ட் ஆனார். 1848-49 புரட்சியில் அரசருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். புரட்சி அரசின் போர் அமைச்சராக இருந்தார். பிரஷ்யப் படை நெருக்கியபோது, மிஞ்சிய புரட்சிப் படையைச் சிதறவிடாமல் சுவிட்சர்லாந்து எல்லைக்குள் கொண்டுசேர்த்தவர் அவர்தான். பின்வாங்கும் வேலையை இருபத்து நான்கு வயதிலேயே கற்றுவிட்டார்.

இங்கிலாந்து வழியாக 1852இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பொதுப் பள்ளிகளில் பாடம் எடுத்தார், மிலிஷியா எனும் மாநிலத் தொண்டர் படையில் பயிற்சி கொடுத்தார். ருடால்ஃப் டூலோனின் மகளை மணந்து, மாமனார் நடத்திய பள்ளியிலும் கற்பித்தார். 1857இல் செயின்ட் லூயிஸின் ஜெர்மன்-அமெரிக்கக் கல்விக்கூடத்தில் பேராசிரியர். 1860இல் அந்நகரப் பொதுப் பள்ளிகளின் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்று செயின்ட் லூயிஸில் இருந்த சுமார் 1,60,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஜெர்மனியில் பிறந்தவர். மிசௌரி அடிமைமுறை மாநிலம், ஆளுநர் ஒன்றியத்திலிருந்து பிரிந்த தெற்கு மாநிலங்களின் பக்கம். நகரத்து ஆயுதக் கிடங்கிலோ பல்லாயிரம் துப்பாக்கிகள். அது யார் கைக்குப் போகிறதோ மாநிலமும் அவர்கள் கைக்குப் போகும். 1861இன் தொடக்கத்தில், ஜெர்மானியர்களின் டர்னர் உடற்பயிற்சிக் கூடங்களில் ஆட்கள் கூடிக் கவாத்துப் பழகினார்கள். மே மாதம் அவர்கள் ரெஜிமென்டுகளானபோது சீகல் 3வது மிசௌரியின் கர்னல் ஆனார். ஆங்கிலம் சரளமாக வராத பீர் ஆலைத் தொழிலாளிக்கும் தச்சனுக்கும் அணி பிரிவதையும் திரும்புவதையும் சுடுவதையும் தாய்மொழியில் கற்றுத்தர ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது. ராணுவப் படிப்பும் உள்ள வாத்தியார் கிடைத்தது அந்தப் படையின் நல்ல காலம்.

ஜூலை 5, மிசௌரியின் கார்த்தேஜ் ஊர். சீகலிடம் சுமார் 1,100 பேர். எதிரே ஆளுநர் ஜாக்சனின் 6,000 பேர். அதில் ஏறத்தாழ 2,000 பேர் கையில் ஆயுதமே இல்லை. ஆனால் குதிரைப்படை ஏராளம், தரையோ திறந்த புல்வெளி. இப்படிப்பட்ட இடத்தில் சிறு படைக்கு ஆபத்து முன்னாலிருந்து வருவதில்லை. குதிரைகள் இருபுறமும் சுற்றிவந்து பின்னாலிருக்கும் மூட்டை வண்டிகளைப் பிடித்துவிட்டால் தோட்டாவும் போச்சு, சோறும் போச்சு. சீகல் அதைக் கண்டதும் பின்வாங்கத் தொடங்கினார். ஓடையைக் கடக்கும் இடத்தில் பீரங்கிகளை நிறுத்தித் துரத்துபவர்களைத் தடுக்க வேண்டும். அதற்குள் வண்டிகளும் மற்ற காலாட்களும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பிறகு பீரங்கிகள் கிளம்ப, முன்னால் போனவர்கள் நின்று காவல் கொடுக்க வேண்டும். ஒரு பிரிவு நகரும்போது இன்னொன்று கட்டாயம் நின்றிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் அதற்குப் பெயர் பின்வாங்கல் இல்லை, ஓட்டம். ஒரு கட்டத்தில் குதிரைப்படை வழியை மறித்தபோது காலாட்கள் நேராகப் பாய்ந்து வழியைத் திறந்தார்கள். மாலைவரை, சுமார் பத்து மைல், படை கலையாமல் போனது. சீகல் தரப்பில் இறந்தவர்கள் 13 பேர்தான்.

ஐந்து வாரம் கழித்து வில்சன்ஸ் கிரீக்கில் எல்லாம் தலைகீழ். வடக்குப் படையின் தலைமைத் தளபதி நதானியேல் லயன் வடக்கிலிருந்து தாக்க, சீகல் சுமார் 1,200 பேரும் 6 பீரங்கிகளுமாகத் தெற்கே சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து அடிப்பது திட்டம். எண்ணிக்கையில் பெரிய எதிரிக்கு முன்னால் சிறிய படையை இரண்டாகப் பிரித்ததே பெரிய பிசகு. இரண்டு பாதிக்கும் இடையே செய்தித் தொடர்பும் இல்லை. அதோடு 3வது மிசௌரி மூன்று மாத ஒப்பந்தப் படை. தவணை முடிந்து பழகிய ஆட்கள் பலர் வீடு திரும்பிவிட, புதியவர்கள் வந்திருந்தார்கள்.

விடியற்காலை அடி நன்றாகவே விழுந்தது. எதிரி முகாம் ஒன்று கலைந்து ஓடியது. சீகல் சாலையை மறித்து நின்றார். அப்போது சாம்பல் நிற உடையில் ஒரு படை ஏறி வந்தது. லயனிடம் இருந்த 1வது அயோவாவுக்கும் சாம்பல் உடைதான். அன்றைக்கு இரு தரப்பிலும் சீருடைக்கு ஒரே நிறம் முடிவாகியிருக்கவில்லை. நம்மவர்கள் என்று நினைத்துச் சுடாமல் இருந்துவிட்டார்கள். வந்தது எதிரியின் 3வது லூசியானா ரெஜிமென்ட். கிட்டத்தில் வந்து சுட்டதும் படை உடைந்தது, ஆறு பீரங்கிகளில் ஐந்து போயின. நிறக் குழப்பத்தைச் சொல்லி சீகலை முழுதாக விடுவிக்க முடியாது. முன்னால் தள்ளி நான்கு வேவுக்காரர்களை நிறுத்தியிருந்தால், வருவது யாரென்று சில நிமிடம் முன்பே தெரிந்திருக்கும். லயன் அன்று களத்தில் இறந்தார்.

1862 மார்ச் 8, பீ ரிட்ஜில் அதே மனிதர் வேறு ஆள். வடக்குத் தளபதி கர்ட்டிஸின் 10,500 பேருக்கு எதிரே தெற்குத் தளபதி வான் டோர்னின் சுமார் 16,000 பேர். காலையில் சீகல் 21 பீரங்கிகளைத் திறந்த வயலில் சேர்த்தார். கண்டபடி சுட விடவில்லை. எதிரியின் ஒரு பீரங்கி அணியைக் குறிவைத்து அது இடத்தைக் காலி செய்யும்வரை அடி, பிறகு அடுத்தது. காலாட்கள் தரையில் படுத்திருந்தார்கள். எதிர்ச்சூடு தணியத் தணிய அவர்கள் கொஞ்சம் முன்னேற, பீரங்கிகளும் கூடவே நகர்ந்தன. மலைப்பாறைகளில் வெடித்த குண்டுகள் கற்சில்லுகளைத் தெறிக்கவைத்து, அங்கே ஒளிந்திருந்தவர்களையும் காயப்படுத்தின. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படி. பிறகுதான் மொத்த வரிசையும் எழுந்து நடந்தது. வான் டோர்னின் தோட்டா வண்டிகள் வெகுதொலைவில் தங்கிவிட்டதும் வெற்றிக்கு ஒரு காரணம். இருந்தாலும் அந்தப் பீரங்கி வேலையைப் படிக்கிறபோது, கரும்பலகையில் கணக்கை வரிவரியாகப் போட்டுக் காட்டும் ஒருவரைத்தான் பார்க்கிறேன்.

அந்த மாதமே மேஜர் ஜெனரல் பதவி வந்தது. 'நான் சீகலோடு சண்டை போடுகிறேன்' என்று கொச்சை ஆங்கிலத்தில் சொல்வது ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெருமையாக இருந்தது. வடக்குப் படையில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் சுமார் 2,00,000 பேர். அவர்களைச் சேர்த்ததில் இந்தப் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னர் 11வது கோர் என்ற பெரிய படைப்பிரிவின் தளபதியானார். தன் மூப்புக்கு அந்தப் படை சிறியது என்று மனம் கசந்து 1863 தொடக்கத்தில் விலகினார். மே மாதம் சான்சலர்ஸ்வில் சண்டையில் அந்தக் கோர் பக்கவாட்டில் அடிவாங்கியது. அப்போது தளபதி ஹோவர்ட். ஆனால் பழி முழுவதையும் ஜெர்மன் சிப்பாய்கள் தலையில் கட்டினார்கள். இது பெரிய அநியாயம். காட்டுப் பக்கம் எதிரி நடமாடுகிறான் என்று முன்வரிசையிலிருந்து வந்த எச்சரிக்கையை மேலிடம்தான் பொருட்படுத்தவில்லை.

1864 மே 15, நியூ மார்க்கெட். கொட்டும் மழை. கையில் ஆறாயிரத்துக்கும் மேல் ஆட்கள் இருந்தும், சாலை நெடுக நீண்டு கிடந்ததால் எல்லோரும் நேரத்துக்குக் களம் வந்து சேரவில்லை. வந்தவர்களைத் துண்டுதுண்டாகச் சண்டையில் இறக்கினார். பதற்றத்தில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த அதிகாரிகளுக்கு ஜெர்மனில் உத்தரவு போட்டாராம். வர்ஜீனியா ராணுவக் கல்லூரி மாணவர்களும் எதிர்வரிசையில் நின்றார்கள், அவர்களில் 10 பேர் இறந்தார்கள். அன்றும் சீகலின் பீரங்கி அதிகாரி டு பான்ட்டின் பீரங்கிகள் கட்டம் கட்டமாக நின்று சுட்டுத்தான் பின்வாங்கலைக் காத்தன. ஆற்றைக் கடந்ததும் பாலத்தை எரித்தார்கள். சில நாட்களில் சீகல் இடத்துக்கு ஹன்ட்டர் என்ற தளபதி வந்தார். ஜூலையில் சீகல், ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்கு எதிரே மேரிலாந்து ஹைட்ஸ் மேட்டைத் தெற்குத் தளபதி எர்லியின் படைக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்திருந்தார். அதற்கு நன்றி கிடைக்கவில்லை. பொறுப்பு பறிபோனதுதான் மிச்சம்.

போருக்குப் பின் பத்திரிகை ஆசிரியர், வரி அதிகாரி, அதிபர் கிளீவ்லாண்ட் ஆட்சியில் நியூயார்க்கின் ஓய்வூதிய முகவர். பழைய சிப்பாய்களுக்குப் பணம் போய்ச் சேரும் அலுவலகம் அது. 1902 ஆகஸ்ட் 21இல் இறந்தார். நியூயார்க்கில் ரிவர்சைடு சாலையில், 106வது தெரு முனையில், கார்ல் பிட்டர் செய்த வெண்கலச் சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார்.