பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள்

லத்தீன், பண்டைக் கிரேக்கம் போல நூல்களில் நிற்கும் மொழிகளிலிருந்து பிரித்துச் சொல்ல, இன்று மக்கள் வாயில் புழங்கும் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் முதலியவற்றை நவீன மொழிகள் என்கிறார்கள். பேசும் மொழியைக் காதால்தான் படிக்கத் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு சேரும் பலரோ முதல் வகுப்பிலேயே புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் மேலும் தமிழில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் முளைக்கிறது.

கடற்கரைப் பக்கத் தெருப் பலகைகளில் உள்ள 'ரூ' தெருவைக் குறிக்கும். சக்கரத்துக்கான சொல்லையும் தமிழில் 'ரூ' என்றுதான் எழுத முடியும். ஒலி வேறு. தெருவுக்கு, நாக்கை 'ஈ' சொல்லும் இடத்திலேயே வைத்து உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். சக்கரத்துக்கு நம்முடைய 'ஊ' போதும். மீனும் பானமும் இப்படித்தான்: இரண்டுமே 'புவாசோன்' என்று வந்து நிற்கும், ஏனென்றால் நம் 'ப' இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. உணவகத்தில் மாற்றிச் சொன்னால் மேசைக்கு வருவதும் மாறும்.

மூக்கொலி உயிர்களைக் கண்டு பயப்படத் தேவையே இல்லை. 'அவன் வந்தான்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' ஒலிக்காமல் உயிரொலி மூக்கு வழியாகப் போகும். 'மரம்' சொல்லும்போதும் உதடு மூடுவதில்லை. 'நல்ல' என்பதற்கான ஆண்பால் சொல்லை அப்படியே முடியுங்கள். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டால் அது பெண்பால் வடிவமாகக் காதில் விழும். தமிழில் 'போன்' என்று எழுதி வைத்தவர் நாக்கைத் தொடத்தான் செய்வார்.

எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு ஒலிக்கும் தனிக் குறி தரும் சர்வதேச ஒலியெழுத்தைப் பழகுங்கள். மொழி ஆசிரியர்கள் 1886இல் பாரிஸில் தொடங்கிய சங்கத்தின் வேலை அது. பிரெஞ்சு அகராதிகளில் சொல்லை ஒட்டியே அந்தக் குறிகள் இருக்கும். பாடநூல் கணக்குப்படி உயிர் 16, மெய் 17, அரையுயிர் 3, ஆக 36 குறிகள்தான்.

அன்றாடப் பயிற்சிக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள், கேட்டதை பிரெஞ்சில் எழுதுங்கள், அதன் பிறகே மூலத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் சொல்லும் சொல்லும் சேருமிடத்தில் இருக்கும். தனியாக வரும்போது ஊமையாக இருக்கும் கடைசி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல இடங்களில் அதோடு ஒட்டி ஒலிக்கும். புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதல்ல. கடைசியாக, பதிவோடு கூடவே வாய்விட்டுப் படியுங்கள்.

பெயர்ச்சொல்லின் பால் விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் தேடாமல், சொல்லை அதன் முன்னால் வரும் le அல்லது la என்ற சிறுசொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுபவர்களுக்குக் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு 50. ஆனால் மொத்தம் 60 வாங்கியிருந்தாலும் கேட்டலில் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை.