சாம்பல் மூடி, ஊதா மூடி

கர்ப்பிணிகளுக்கான புறநோயாளிப் பிரிவை ஒட்டிய ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ஆய்வக நுட்புநராக இருந்தேன். சர்க்கரை அளவுக்கான இரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் எல்லாத் தாய்மாரிடமிருந்தும் எடுக்கப்படும். ஆய்வுக்கு ஒப்புதல் அளித்தவர்களிடம் மட்டும் ஊதா மூடிக் குழாயில் இன்னும் சிறிது எடுப்போம். அது உடல் பருமனோடு தொடர்புடைய மரபணுக்களைப் பார்ப்பதற்கானது. முதல் குழாயின் முடிவு அன்று பிற்பகலே தாயின் அட்டையில் ஏறிவிடும். இரண்டாவதன் முடிவு எங்கள் கணினியைத் தாண்டிப் போனதில்லை.

வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் சென்னையில் நீரிழிவு மருத்துவர் டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய பரிசோதனை முறையின் பெரிய வசதி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்போம். ஒரு டெசிலிட்டருக்குச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. எழுத எளிதாக இருக்கிறது. மசக்கையில் இருப்பவருக்கு அந்தத் தித்திப்பு தொண்டையைத் தாண்டுவது எளிதன்று. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வர வேண்டும், அதாவது இன்னொரு நாள் கூலி போகும். ஆகவே எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுப்பேன்.

பருமன் மரபணு என்றால் பருத்த பெண்களின் விஷயம் என்று எண்ணித்தான் வேலையில் சேர்ந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரே நாளில் வந்த இரண்டு அட்டைகள். 82 கிலோ எடையுள்ளவருக்கு 112. 45 கிலோ எடையுள்ள, வளையல் முழங்கை வரை ஏறக்கூடிய மெலிந்த பெண்ணுக்கு 164. கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அதற்கு வலுவில்லாத கணையம், உடல் மெலிந்திருந்தாலும் தோற்றுவிடுகிறது. எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் உடல் எடை கூடும் என்பது 2007-இல் ஐரோப்பியர்களிடம் தெரியவந்தது; அந்த எழுத்தின் இரு பிரதிகளையும் பெற்றவர் சராசரியாக மூன்று கிலோ கூடுதல், அவ்வளவுதான். ஆனால் புனே, மைசூர் மக்களிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், உடல் எடையைக் கணக்கில் கொண்டு கழித்த பின்னும் அம்மாற்றத்துக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு முற்றிலும் மறையவில்லை. இன்சுலின் சுரப்போடு தொடர்புடைய டி.சி.எஃப்.7.எல்.2, எம்.டி.என்.ஆர்.1.பி. போன்ற மரபணுக்களின் மாற்றங்களோ கர்ப்பகால நீரிழிவில் இன்னும் தெளிவாகத் தென்படுகின்றன. எடை பார்க்கும் கருவி இவற்றில் எதையும் காட்டாது.

அந்த மெலிந்த பெண்ணின் மாமியார், "கொடி மாதிரி இருக்கா, இவளுக்கு எப்படிம்மா சர்க்கரை?" என்று கேட்டார். புதிதாகப் படித்ததைச் சொல்லும் ஆசையில், மரபணுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன். அவர் முகம் மாறியது. "அப்போ இவங்க வீட்டு ரத்தத்துலதான் இருக்குங்கற" என்றார். அந்தப் பெண் அட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல், ஐந்து நிமிடத்துக்குள் பெண்வீட்டாரின் மேல் குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயின் உடலிலிருந்து வருவதன்று, கருவிலிருந்தே வளர்வது என்பதும், ஆகவே அதன் மரபணுக்களில் பாதி தந்தை கொடுத்தவை என்பதும் எனக்கு அன்றும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அதன் பிறகு, கேட்பவர் யாராயினும், இரண்டு வீட்டிலும் யாருக்குச் சர்க்கரை என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். மாமனார் பத்து ஆண்டுகளாக மாத்திரை விழுங்குவது பல வீடுகளில் அப்போதுதான் வெளியே வரும்.

சில வாரங்கள் கழித்து அந்த மெலிந்த பெண்ணின் ஊதா மூடிக் குழாய் என் மேசைக்கு வந்தது. குளிர்ந்த எத்தனாலை ஊற்றி மெல்லச் சாய்த்தால், தெளிந்த திரவத்தில் நனைந்த பஞ்சிழைபோல் டி.என்.ஏ. திரண்டு வரும், எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் கை தானாக நிதானப்படும். எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தபோது அது அவருடையது என்று தெரிந்தது. எஃப்.டி.ஓ.வில் எடையைக் கூட்டும் அந்த எழுத்து அவருக்கு ஒரு பிரதிகூட இல்லை. ஒரே எழுத்தை வைத்து ஒருவரின் நோயைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது என்பதாலும், ஆய்வு முடிவுகளைத் தனிநபர்களுக்குத் தெரிவிக்க விதியில் இடமில்லை என்பதாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் திரும்பி வரவில்லை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், பிரசவமான ஆறாம் வாரம் மறுபடி அதே சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துப் பரிசோதிக்க வேண்டும். பதிவேட்டில் இருந்தது கணவரின் கைபேசி எண். இருமுறை அழைத்தேன்; குழந்தை நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றார். நான் அந்த வேலையை விட்டு வந்த நாளில், அவருடைய டி.என்.ஏ. மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் எண்ணிட்டுப் பத்திரமாக இருந்தது. ஆறாம் வாரச் சர்க்கரைக்கான கட்டம் காலியாகவே இருந்தது.