சின்னக் கடைக்கு கரண்ட் அக்கவுண்ட் (தொழிலுக்கான நடப்பு வங்கிக் கணக்கு) தேவையா?

கடைப் பெயரில் செக் வந்தால் தேவை. உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் அது ஏறாது. ரொக்கம் அதிகம் புரண்டாலும் தேவைதான். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் ரொக்கம் கட்டினாலே வருமான வரித்துறைக்குத் தகவல் போய்விடும். கரண்ட் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம்.

காசு கரைவது, வங்கி கரண்ட் கணக்கில் வைக்கச் சொல்லும் சராசரி இருப்பில். மாதச் சராசரி 10,000 என்றால் தினமும் 10,000 இருக்க வேண்டியதில்லை. 30 நாள் மாதத்தில் 15 நாள் 20,000 கிடந்து, மீதி நாள் காலியாக இருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். குறைந்தால் அபராதம், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. போட்ட பணத்துக்கு வட்டியும் கிடையாது. அதனால் மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்கைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

கணக்குத் திறக்கும்போது தொழிலுக்கு இரண்டு ஆதாரம் கேட்பார்கள். அதில் ஒன்றான உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவுச் சான்று) அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். புரோக்கருக்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள்.