சண்டே ஸ்கூல் ரிஜிஸ்டர்ல அட்டெண்டன்ஸ் மட்டும் போதாதுங்க

நான் திருப்பூர் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல டீச்சருங்க, ஞாயித்துக்கிழமையானா எங்க சர்ச்சுல பிள்ளைங்களுக்கு பைபிள் சொல்லிக் குடுக்கற சண்டே ஸ்கூல் எடுக்கறேன். வார நாள்ல எந்தப் பிள்ளை எதுல தடுமாறுதுன்னு கேட்டா உடனே சொல்லிருவேன், ஆனா சர்ச்சுல வந்துச்சா வரலையா, மனன வசனம் ஒப்பிச்சுதா, ஸ்டார் ஒட்டியாச்சா, இவ்வளவுதான் நம்ம நோட்டுல இருக்குது.

2022ல அரசுப் பள்ளிக்கூடங்கள்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ ஒண்ணுல இருந்து மூணாப்பு வரைக்கும் பிள்ளைங்கள கத்துக்கிட்ட அளவப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சாங்க, அடுத்த வருசமே நாலு அஞ்சுக்கும் வந்துருச்சு. மூணாப்புப் பிள்ளையா இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தெரியலீன்னா அரும்புல இருந்துதான் ஆரம்பிக்கணும், வயசப் பாத்து இல்ல, பிள்ளை நிக்கற எடத்தப் பாத்து. இதுதான் நம்ம சண்டே ஸ்கூலுக்கு அவசியமா வேணும்னு எனக்குத் தோணுது. ஏன்னா இங்க ஜூனியர் வகுப்புல இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தமிழ் பைபிள வாசிக்க முடியாம பக்கத்துப் பிள்ளை வாயப் பாத்துட்டே சொல்லுது, பனியன் கம்பெனி வேலைக்குன்னு தெக்கத்திப் பக்கமிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ரெண்டு மாசம் வருது, அப்புறம் அப்பா அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம்னா வர்றதில்ல, ரெண்டுக்கும் ஒரே பாடம் ஒரே வசனம்னா எப்படிங்க?

வாசிக்கச் சொல்லிக் குடுக்கறது நம்ம வேலையான்னு சிலர் கேக்கறாங்க. 1780ல இங்கிலாந்துல ராபர்ட் ரெய்க்ஸ் சண்டே ஸ்கூல ஆரம்பிச்சதே வாரம் பூரா வேலைக்குப் போன பிள்ளைங்க ஞாயித்துக்கிழமையாவது எழுதப் படிக்கக் கத்துக்கட்டும்னுதானுங்க.

மார்க்கு, ரேங்க்கு மட்டும் உள்ள கொண்டு வராதீங்க. விசுவாசத்துக்கு யாரும் மார்க் போட முடியாது, போடவும் கூடாது. நமக்கு வேண்டியது வளரறி மதிப்பீடு மாதிரி, பாடம் நடக்கறப்பவே பாத்து ரெண்டு வரி குறிச்சு வெக்கறது. அடிபட்டு வழியில கெடந்தவன ஒருத்தன் தூக்கிக் காப்பாத்துற நல்ல சமாரியன் கதைய பைபிள்ல இருந்து சொல்லிட்டு, இதே நம்மூர்ல நடந்தா எப்படி இருக்கும்னு கேட்டேன். எப்பவும் வசனத்துல திக்குற ஒரு பையன், "பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டு விழுந்து கெடக்கறவங்களையும் தூக்கோணுமா டீச்சர்"னு கேட்டான். ஸ்டார் சார்ட்ல அவனுக்குத்தான் ஒட்டினதே கம்மி, ஆனா அன்னிக்கு கதை உள்ள எறங்கினது அவனுக்குத்தான். அந்தக் கேள்விய தேதி போட்டு அப்படியே எழுதி வெச்சேன், அடுத்த வாரம் அதுல இருந்தே பாடத்த எடுத்தோம், மத்த பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். வாசிக்குதா, கதைய சொந்த வார்த்தையில திருப்பிச் சொல்லுதா, என்ன கேள்வி கேட்டுச்சு, தொடர்ந்து வரலீன்னா யாரு வீட்டுக்குப் போய்ப் பாத்தாங்க. மாசத்துக்கொருக்கா டீச்சர்ங்க எல்லாம் உக்காந்து அதப் பாக்கணும், பிரைமரில இருந்து ஜூனியருக்குப் போறப்போ நோட்டும் கூடவே போகணும், இல்லீன்னா புது டீச்சர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வீட்டுச் சண்டை, அப்பா குடிக்கறது இதெல்லாம் பிள்ளை நம்மள நம்பிச் சொல்றது, அத நோட்டுல எழுதவே எழுதாதீங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நோட்டு, மீட்டிங்குன்னு காத்திருக்காம அன்னிக்கே ஆயர்கிட்ட சொல்லிட்டு குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணிருங்க.