ஞாயிறு சாவு, திங்கள் ஏற்றம்

2016 ஜூன் 12, ஞாயிறு அதிகாலை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஓர் இரவு விடுதிக்குள் 49 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். மறுநாள் பங்குச்சந்தையில் ஸ்மித் அண்ட் வெஸன், ஸ்டர்ம் ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனங்களின் பங்குகள் ஏறின. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிச் சட்டம் கடுமையாகும் என்ற பேச்சு எழுந்தாலே, தடை வருவதற்குள் வாங்கிவிடக் கடைகளில் கூட்டம் முண்டியடிக்கிறது. அந்த விற்பனையை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பங்கு வாங்குகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தலில் டிரம்ப் வென்றதும் இப்பங்குகள் சரிந்தன. கட்டுப்பாடு வரும் என்ற அச்சம் போனதே காரணம்.

என் மனம் சாண்டி ஹூக் பள்ளியைவிட்டு நகர மறுக்கிறது. 2012 டிசம்பரில் அங்கே 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் பலியானார்கள். அப்போது முதலில் பங்குகள் விழத்தான் செய்தன. கொலையாளியின் புஷ்மாஸ்டர் துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனம், செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. செர்பெரஸிடம் கலிபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணம் இருந்தது! வகுப்பறையில் தொண்டை வறளக் கத்திச் சேர்த்த காசு. நான்கே நாளில் அந்தத் துப்பாக்கி நிறுவனத்தை விற்கப்போவதாக செர்பெரஸ் அறிவித்தது.

2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு வந்தது. தேவை 60 வாக்குகள், கிடைத்தவை 54. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் அன்று பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார்கள்.