வெளிச்சம் பட்ட குழாய்

உடலின் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு தூண்டப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டும் நியோப்டெரின் என்ற பொருளைப் பார்க்க வேண்டிய ரத்தத்தை எடுத்தவுடனே குழாயை அலுமினியத் தாளில் சுற்றிவிட வேண்டும் என்பது, ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித்தரப்பட்டது. அந்த விதியின் கனம் புரிந்தது, காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவரின் அளவு லிட்டருக்கு 38 நானோமோலிலிருந்து ஒரே வாரத்தில் 9க்கு இறங்கியபோதுதான். மருந்து கேட்கிறது என்று மகிழ்ந்தோம். ஆனால் அவருக்குக் காய்ச்சலும் விடவில்லை, எடையும் கூடவில்லை. விசாரித்ததில், அந்தக் குழாய் தாள் சுற்றப்படாமல் காலையிலிருந்து மதியம்வரை ஜன்னலோர மேசையில் இருந்தது தெரிந்தது. மறுநாள் புதிதாக எடுத்த ரத்தத்தில் அளவு 36. வெளிச்சத்தில் நியோப்டெரின் சிதைந்திருந்தது. நோய் அப்படியே இருந்தது.

எதிர்ப்பு அணுக்களின் தூண்டலை நேரே அளக்காமல் இந்தச் சுற்றுவழி அளவீடு ஏன் தேவைப்படுகிறது என்று பலர் கேட்கிறார்கள். எதிர்ப்பு அணுக்களுள் ஒரு வகையான டி அணுக்கள் தூண்டப்பட்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கின்றன. அதுவோ அருகிலுள்ள அணுக்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு ரத்தத்திலிருந்து விரைவில் மறைந்துவிடுவதால், அதைத் தேடுவது கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன தபால்காரரைத் தெருவில் தேடுவதற்குச் சமம். கடிதம் கிடைத்த மேக்ரோஃபேஜ்கள் என்ற, கிருமிகளை விழுங்கும் அணுக்கள் வெளியிடும் சிறு மூலக்கூறுதான் நியோப்டெரின். உடலுக்குள் அது சிதையாமல் சுற்றிவந்து சிறுநீரில் வெளியேறுகிறது. புற்றுநோயிலும் வைரஸ் நோய்களிலும் சிறுநீரில் இது மிகுவதை 1979இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஹெல்முட் வாக்டரின் குழுவினர் எழுதினார்கள். வைரஸ் தொற்றில் எதிர்ப்பொருள்கள் தோன்றும் முன்பே இது உயர்வதால், 1994 முதல் அந்நாட்டில் தானமாகப் பெறும் ரத்தத்தில் இதைச் சோதிப்பது கட்டாயமானது. எந்தக் கிருமி என்று சொல்லத் தெரியாத சோதனை அது. கிருமி எதுவானாலும் எச்சரிக்கும் என்பதாலேயே ரத்த வங்கிக்குப் பயன்பட்டது.

டி அணுக்களுக்கே உரிய தடயமும் உண்டு. தூண்டப்பட்ட அணு தன் மேற்பரப்பில் சிடி25 என்ற ஏற்பியைப் பெருக்குகிறது; அதில் ஒரு பகுதி வெட்டுண்டு ரத்தத்தில் கலக்கிறது. 1985இல் ரூபின், நெல்சன் ஆகியோரின் குழு இதைக் காட்டியது. எதிர்ப்பு அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உடலையே தாக்கும் எச்எல்எச் நோயை அறிய 2004இல் வகுத்த எட்டு அளவுகோல்களுள், ரத்தத்தில் கலந்த இந்தத் துண்டின் அளவு மில்லிலிட்டருக்கு 2400 யூனிட்டைத் தொடுவதும் ஒன்று. எட்டில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சலுக்குப் பின்னரும் எச்எல்எச் வருவதால், இந்த நோயில் மிகுதியாக உயரும் ஃபெர்ரிட்டின் என்ற புரதம் ஏறிக்கொண்டே போகும் குழந்தையின் சீரம் வந்தால் எனக்குக் கை பதறும். அளவு கூடக்கூட நிறம் அடரும் எலைசா சோதனைத் தட்டில் மற்றக் குழிகள் வெளிர் நீலமாக இருக்கும்போது அந்த ஒரு குழி கருநீலமாகிவிடும். அமிலம் விட்டதும் அடர் மஞ்சளாக மாறும். கருவி 450 நானோமீட்டரில் படித்துச் சொல்லும் முன்பே விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இவற்றுள் எதையும் தனியாக வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் சிடி25 உயரும். சிறுநீரகம் தளர்ந்தால், எதிர்ப்பு அணுக்கள் அமைதியாக இருந்தாலும் நியோப்டெரின் வெளியேறாமல் தேங்கும். ஆகையால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்காத அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை. ஒற்றை அளவைவிட, ஒரே நோயாளியிடம் ஒரே முறையில் வாரந்தோறும் எடுத்த அளவுகளின் போக்கையே நான் நம்புகிறேன். அந்தக் காசநோயாளியின் அளவு பின்னர் மெல்ல மெல்ல இறங்கி, நான்காம் மாதத்தில் 11 ஆனது. அதற்குள் அவருக்கு ஐந்து கிலோ எடை கூடியிருந்தது.