2038-ஐத் தாண்டிய எங்கள் 32 பிட் பெட்டி

மீட்டர்களிலிருந்து கணக்கை வாங்கி சர்வருக்கு அனுப்பும் ஒரு சின்ன கேட்வே பெட்டியை எங்கள் குழு பராமரிக்கிறது. உள்ளே 32 பிட் ஆர்ம் சிப், அதில் லினக்ஸ். சுவரில் மாட்டினால் பதினைந்து வருடம் அசையாமல் ஓட வேண்டும் என்பது பேச்சு. 2038 சிக்கல், அதாவது 32 பிட் நேரக் கணக்கு அந்த வருடத்தில் நிரம்பிவிடுவது, எங்களில் யாருக்கும் புதிதல்ல. அதை வேலைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவந்தது ஒரு சான்றிதழ்தான். 2024-இல் கருவிகளுக்கு இருபது வருடச் செல்லுபடியோடு, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் போட்டோம். அது முடிய இன்னும் எத்தனை நாள் என்று பார்க்கும் நிரல், 2044-ஆம் வருடத் தேதியை நொடிக்கணக்காக மாற்றக் கேட்டது, கிடைத்தது -1. உடனே 'காலாவதி' என்று கத்த ஆரம்பித்துவிட்டது. 2038 வர இன்னும் நாள் இருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

கணக்கு எளிது. 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நொடிகளைக் குறியுள்ள 32 பிட்டில் வைத்தால் 2147483647 வரைதான் இடம். அந்த எண் வருவது இந்திய, இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு. அதற்கடுத்த நொடி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

லினக்ஸின் மையமான கர்னல் பக்கம் எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆர்ண்ட் பெர்க்மன், தீபா தினமணி போன்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்து அதை முடித்து வைத்திருக்கிறார்கள். 2019-இல் வந்த 5.1 கர்னலில் 64 பிட் நேரத்துக்கான புதிய சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) வந்தன. 2020-இல் வந்த 5.6-இல் மிச்ச வேலையும் முடிந்தது. பழைய அழைப்புகளை அவர்கள் தொடவில்லை, அதனால் பழைய நிரல்களும் ஓடும். நாங்கள் 4.19-இலிருந்து 6.1-க்குப் போனோம். சி நூலகமான ஜிலிப்சியில் 2.34 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் 32 பிட் ஆர்மில் அது தானாக வராது. டைம் பிட்ஸ், ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் என்ற இரண்டு மாக்ரோக்களையும் 64 என்று கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இன்னொரு சி நூலகமான மசல் 1.2.0-இல் ஒரேயடியாக 64-க்கு மாறிவிட்டது. எனக்கு அந்தப் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது.

எல்லாம் கம்பைல் ஆனது, பெட்டியும் எழுந்தது. அப்புறம் மோடத்தின் சிக்னல் அளவு அர்த்தமில்லாத எண்ணாக வர ஆரம்பித்தது.

மோடம் தயாரித்தவர்கள் மூலநிரல் தராமல் கம்பைல் செய்த நூலகம் மட்டும் கொடுத்திருந்தார்கள். அதன் ஹெடரில் உள்ள ஒரு ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பின்) நடுவில், நேரத்தை வைக்கும் டைம்_டி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நிரல் அதற்கு 8 பைட் என்று நினைக்கிறது, நூலகம் 4 பைட் என்று நினைக்கிறது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்ட மாதிரி, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நகர்ந்துவிட்டது. கம்பைலரும் லிங்கரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைத் தருகிறவர்கள் ஏன் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயரில் டி64 என்று வால் சேர்த்தார்கள் என்பது அப்போது உறைத்தது: பழையதும் புதியதும் ஒரே நிரலில் கலந்துவிடக் கூடாது.

புதிதாகக் கம்பைல் செய்து தரச் சொன்னோம். அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்றார்கள். சரி என்று அந்த நூலகத்தைத் தனி ப்ராசஸில் பழைய அமைப்போடு ஓட விட்டு, அதோடு ஒரு சாக்கெட் வழியாக மட்டும் பேசினோம். அது நேரம் எதையும் வெளியே சொல்லாது, சிக்னல் அளவை மட்டும் சொல்லும். வேறு எந்த பைனரியாவது பழைய நேர அழைப்பைப் பயன்படுத்துகிறதா என்று, பைனரியில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையால் சலித்தோம். புதியவற்றில் அழைப்பின் பெயர் 64 என்று முடியும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம்.

ஃபிளாஷில் உள்ள மீட்டர் பதிவுகளில் இதே கதை வேறு வேடத்தில் வந்தது. பழைய நிரல் ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டியிருந்தது. 16 பைட்டாக இருந்த பதிவு, இடைவெளி நிரப்பலையும் சேர்த்து 24 ஆனது. கோப்பின் தலையில் பதிப்பு எண் வைத்து, அளவு நிலையான 64 பிட் எண்ணாக நேரத்தை எழுதி, பழைய பதிவுகளைப் படிக்கத் தனி வழி போட்டோம். சர்வருக்குப் போகும் 4 பைட் நேரத்தை மாற்றவில்லை. 1970-க்கு முந்தைய ரீடிங் இருக்கப் போவதில்லை என்பதால் அதைக் குறியில்லா எண்ணாகப் படித்தால் போதும், 2106 பிப்ரவரி வரை தாங்கும். தேடியதில் இன்னொன்றும் அகப்பட்டது: 'என்றுமே காலாவதி ஆகாது' என்பதற்கு 2147483647 என்று எழுதியிருந்த இடங்கள்.

பிறகு சோதனை. தேதியை எல்லைக்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துப் பார்த்தோம், சத்தமில்லாமல் தாண்டியது. ரீபூட் செய்ததும் 1970! பேட்டரிக் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. கர்னல் எழும்போது அந்த நேரத்தை எடுத்து வைக்கும் பகுதி, 32 பிட் இயந்திரம் என்றால் 2038-க்குப் பிந்தைய நேரத்தை ஏற்க மறுக்கிறது. பழைய நிரல்கள் அத்தகைய நேரத்தைக் கண்டு குழம்பாமலிருக்க வேண்டுமென்றே வைத்த காவல் அது. தொடக்க ஸ்கிரிப்டில் நாமே கடிகாரத்தைப் படித்து நேரம் வைக்கும் வரி ஒன்றைச் சேர்த்தோம்.

அந்த ரீபூட்டின் லாகில் இன்னொரு எச்சரிக்கை: டேட்டா பார்ட்டிஷன் 2038 வரைதான் நேரம் வைக்கும் என்று. இஎக்ஸ்டி4 கோப்பு முறையில், ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் ஐநோட் 256 பைட் என்றால் 2446 வரை போகலாம். ஆனால் பழைய ஃபார்மேட் கருவி, சின்ன பார்ட்டிஷன்களுக்கு 128 பைட்தான் கொடுக்கும். அப்டேட் நடக்கும்போதே டேட்டாவை நகலெடுத்து, மறுபடி ஃபார்மேட் செய்து, திரும்ப வைக்கிறோம். இந்த மொத்த வேலையில் எனக்குப் பயம் தந்த படி இது ஒன்றுதான். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அதிகம் சோதித்தோம்.

இதே வேலையில் இறங்குகிறவர்கள் சோதனை மேசையில் நெட்வொர்க் வழியாக நேரம் சரிசெய்யும் என்டிபியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பெட்டியை நிகழ்காலத்துக்கு இழுத்து வந்துவிடும். டெஸ்ட் சர்வரின் சான்றிதழும் அந்த எதிர்காலத் தேதியில் செல்லுபடியாக வேண்டும். என்டிபி கணக்கு 1900-இல் தொடங்குவதால் அதன் 32 பிட் நொடிகள் 2036 பிப்ரவரி 7-லேயே நிரம்பிவிடும். கர்னலை ஏற்றிவிடும் எங்கள் பூட்லோடரில் உள்ள சின்ன நேர நிரலுக்கு அது தெரியாது. அதற்கான திருத்தம் இப்போது ரிவ்யூவில் இருக்கிறது.